முழங்கால் உயரம்

பைல் என்னிடம் வந்தது மொழிபெயர்ப்புக்குத்தான். வவுனியாவில் சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளராக இருக்கிறேன். பிறப்புச் சான்றிதழ், காணி உறுதி, வெளிநாடு போகிறவர்களின் பொலிஸ் சான்றிதழ் என்று பக்கத்தை எண்ணிக் காசு வாங்குகிற தொழில். கொலை வழக்கெல்லாம் எனக்குச் சரிவராது. ஆனால் அன்று மத்தியானம் மழையில் நனைந்தபடி வந்த அக்கா, சொப்பின் பைக்குள் இருந்து முந்நூற்றுச் சொச்சம் பக்க வழக்கேட்டுப் பிரதியை எடுத்து மேசையில் வைத்தார். "தம்பி, இதில என்ன எழுதிக் கிடக்கெண்டு ஒருக்கா வாசிச்சுச் சொல்லுங்கோ. இவ்வளவு காலமும் ஒருத்தரும் எனக்கு வாசிச்சுக் காட்டேல்லை."

அவருடைய தம்பிக்கு மரண தண்டனை. கொலைக்குற்றம் நிரூபணமானால் தண்டனைச் சட்டக்கோவையின் 296ஆம் பிரிவு நீதிபதிக்கு வேறு வழி வைக்கவில்லை, தூக்குத்தான். 1976க்குப் பிறகு இலங்கையில் யாரையும் தூக்கில் போடவில்லை. ஆகவே அந்தத் தீர்ப்புக்கு நடைமுறையில் பொருள், கிடந்து கழி என்பதுதான். மேன்முறையீடும் தள்ளுபடியாகிவிட்டது. அதற்கு மேல் உயர் நீதிமன்றத்துக்குப் போக ஆறு வாரம் அவகாசம் இருக்கிறது என்பது, அந்த ஆறு வாரமும் கழிந்த பிறகுதான் அக்காவுக்குத் தெரிந்தது.

நான் கூலி பேசவில்லை. பேசியிருக்கலாம் என்று பிறகு பலமுறை நினைத்தேன். காசு வாங்கியிருந்தால் மொழிபெயர்த்துக் கொடுத்துவிட்டுக் கைகழுவியிருப்பேன்.

ஊரின் பெயரை எழுதவில்லை. இரண்டு குடும்பமும் இன்றைக்கும் அங்கேதான் இருக்கின்றன. ஏ9 வீதியில் இருந்து கிழக்கே இறங்கிப் போனால் வயலும் காடும் முட்டிக்கொள்கிற ஓர் ஊர் என்று வைத்துக்கொள்ளுங்கள். அங்குள்ள காணிகள் எல்லாம் பேர்மிட் காணிகள், 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் அரசு கொடுத்தவை. சண்டைக்குள் சனம் இடம்பெயர்ந்து, முள்ளிவாய்க்கால் வரை போய், மெனிக் பாம் அகதி முகாமுக்குள் அடைபட்டுத் திரும்பி வந்தபோது வேலி இல்லை, எல்லைக்கல் இல்லை, அடையாள மரங்கள் இல்லை. பேர்மிட்டும் பலரிடம் இல்லை. காணிச் சண்டை இல்லாத ஒழுங்கை ஒன்றை வன்னியில் அந்தக் காலத்தில் காட்டியிருக்க முடியாது. இந்த இருவருக்கும் சண்டை, வாய்க்கால் கரையோரத்து ஐந்தாறு முழ அகலத் துண்டுக்கு. தூரத்துச் சொந்தக்காரர்கள் வேறு.

வழக்கின் கதை இது. காலபோக நெல் குடலைப் பருவத்தில் நிற்கும்போது ஒருநாள் விடியற்புறம் வெடிச்சத்தம் கேட்டது. வயல் பார்க்கப் போன மனிதர் காட்டு ஓரத்து ஒற்றையடிப் பாதையில் இடது தொடையில் வெடிபட்டுக் கிடந்தார். ஆட்கள் தூக்கிக்கொண்டு ஓடும்போதே இரத்தம் போய் இறந்துவிட்டார். இரண்டு நாள் முன்னர்தான் அக்காவின் தம்பி, பலர் கேட்க, "உன்னைச் சுட்டுப்போட்டுத்தான் மறுவேலை" என்று கத்தியிருந்தார். வெடிச்சத்தத்துக்குப் பிறகு அவர் உரைப்பை ஒன்றோடு காட்டுப் பக்கம் இருந்து ஓடியதை ஒரு பெண் கண்டிருந்தார். கைதான மறுநாள், அவர் காட்டிக்கொடுத்த புற்று ஒன்றுக்குள் இருந்து இடியன் துவக்கு, குழல் வாயால் மருந்து இடித்துச் சுடுகிற நாட்டுத் துப்பாக்கி, எடுக்கப்பட்டது. பகை, மிரட்டல், ஓட்டம், துவக்கு. இதற்கு மேல் என்ன வேண்டும்? முதல் நாள் இரவு நூறு பக்கம் வாசித்து முடித்தபோது நானும் அப்படித்தான் நினைத்தேன். அக்காவுக்கு எப்படிச் சொல்வது என்பதுதான் என் யோசனையாக இருந்தது.

அடுத்த நாள், பொலிஸில் அவர் கொடுத்ததாகப் பதியப்பட்ட வாக்குமூலத்துக்கு வந்தேன். அது சிங்களத்தில் இருந்தது. பேசியவர் தமிழர், எழுதியவர் சிங்களவர், இடையில் பாதித் தமிழ் தெரிந்த யாரோ ஒருவர். குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டத்தின் 110ஆம் பிரிவு, வாக்குமூலம் கொடுத்தவருக்கு அது புரியாத மொழியில் இருந்தால் புரிகிற மொழியில் விளங்கப்படுத்த வேண்டும் என்கிறது. அடியில் அப்படிச் செய்ததாக ஒரு வரி இருந்தது. அந்த வரி எல்லா வாக்குமூலத்தின் அடியிலும் இருக்கும். அதற்கு மேலே, "வெடி திப்பா" என்று எழுதியிருந்தது. சிங்களத்தில் அதன் பொருள் ஒன்றுதான், சுட்டேன்.

சொல்லுக்குச் சொல் தமிழாக்கினால் "வெடி வைத்தேன்". இதில்தான் நான் பேனையை வைத்துவிட்டு எழும்பினேன். எங்கள் ஊர்ப் பேச்சிலும் வெடி வைச்சான் என்றால் சுட்டான் என்றுதான் அர்த்தம். ஆனால் வன்னியில் பயிர் செய்கிற ஒருவன், பண்டிக்கு, அதாவது காட்டுப் பன்றிக்கு, வெடி வைச்சனான் என்று சொன்னால் அது சுட்டதாகவே இருக்கவேண்டியதில்லை. இரவில் ஏதோ ஒன்றைக் கட்டிவைத்துவிட்டு வீட்டுக்குப் போய்ப் படுத்ததாகவும் இருக்கலாம். கட்டுத்துவக்கைத்தான் சொல்கிறேன். பண்டி வருகிற தடத்துக்குப் பக்கவாட்டில் இரண்டு கவர்த்தடி நட்டு, அதில் இடியனைக் கிடையாகக் கட்டி, விசையில் இருந்து ஒரு மெல்லிய கம்பியைத் தடத்துக்குக் குறுக்கே இழுத்து விடுவார்கள். கால் எது என்று கம்பி பார்ப்பதில்லை.

அந்த வாக்குமூலம் நீதிமன்றத்தில் சாட்சியமாகவே வரவில்லை. வரவும் முடியாது. 1895ஆம் ஆண்டின் சாட்சியக் கட்டளைச் சட்டத்தின் 25ஆம் பிரிவின்படி, பொலிஸ் அதிகாரியிடம் கொடுத்த குற்ற ஒப்புதலை எதிரிக்கு, அதாவது குற்றம் சாட்டப்பட்டவருக்கு, எதிராக நிரூபிக்கக்கூடாது. 27ஆம் பிரிவு ஒரு சிறு சந்து மட்டும் விடுகிறது. அவர் சொன்ன தகவலால் ஒரு பொருள் கண்டெடுக்கப்பட்டால், அந்தத் தகவலின் அந்தத் துண்டை மட்டும் சொல்லலாம். அதுகூட, பொருள் எங்கே கிடக்கிறது என்பது அவருக்குத் தெரிந்திருந்தது என்பதைத்தான் காட்டுமே தவிர, அதனால் அவர் என்ன செய்தார் என்பதைக் காட்டாது. நல்ல சட்டம். பயங்கரவாதத் தடைச் சட்டம் 1979இல் வந்து, உதவிப் பொலிஸ் அத்தியட்சகருக்குக் கொடுத்த ஒப்புதல் செல்லும் என்று இந்த வேலியைப் பிரித்துப்போட்டபோது என்ன நடந்தது என்பது நமக்குத் தெரியும். மட்டக்களப்பைச் சேர்ந்த நல்லரத்தினம் சிங்கராசா, தனக்கு வாசிக்கத் தெரியாத சிங்கள ஒப்புதலில் பெருவிரல் அடையாளம் வைக்கப்பட்டு, அதன் பேரில் 1995இல் ஐம்பது வருடச் சிறை பெற்றார். மேன்முறையீட்டில் அது முப்பத்தைந்தாகக் குறைந்தது. 2004இல் ஐ.நா. மனித உரிமைகள் குழு அவருக்கு நியாயமான விசாரணை கிடைக்கவில்லை என்று சொன்னது. 2006இல் உயர் நீதிமன்றம் அதைக் கணக்கில் எடுக்க மறுத்தது.

இந்த வழக்கு சாதாரண சட்டத்தின் கீழ் நடந்தது. வேலி இருந்தது. அப்படியிருந்தும் அந்தச் சொல் உள்ளே வந்துவிட்டது என்பதுதான் என் சந்தேகம். நீதிபதி அதைக் காணவில்லை, சரி. ஆனால் விசாரணை செய்த பொலிஸ்காரர் கண்டாரே. சுட்டேன் என்று ஒருவன் சொன்னதாகக் கொப்பியில் எழுதியாயிற்று என்றால், அதன் பிறகு யார் காட்டுக்குள் போய்க் கம்பி தேடுவார்? பைலில் அந்தத் திகதிக்குப் பிறகு சம்பவ இடத்துக்குப் போன குறிப்பே இல்லை.

2015இல் கொட்டதெனியாவவில் ஒரு சின்னப் பிள்ளை கொல்லப்பட்டபோது நாடே கொதித்தது நினைவிருக்கும். முதலில் ஒரு பாடசாலை மாணவனையும் இன்னொருவரையும் பிடித்தார்கள். டி.என்.ஏ. பொருந்தவில்லை. பிறகு வேறொருவரைப் பிடித்து, அவர் ஒப்புக்கொண்டுவிட்டார் என்றார்கள். அவருடையதும் பொருந்தவில்லை. கடைசியில் பொருந்தியது அவருடைய சகோதரருக்கு. அந்தப் பரிசோதனை இல்லாதிருந்தால் "ஒப்புக்கொண்டவர்" இன்றைக்கு எங்கே இருப்பார்? இடியன் துவக்கு வழக்கில் அப்படி ஒரு பரிசோதனைக்கே இடமில்லை. குழலுக்குள் புரி கிடையாது, தோட்டாக் கோது விழாது. அரச இரசாயனப் பகுப்பாய்வாளரின் அறிக்கை, இது சுடக்கூடிய நிலையில் உள்ள துவக்கு என்பதோடு நிற்கிறது. இந்தத் துவக்கில் இருந்துதான் அந்தச் சன்னங்கள் போயின என்று யாராலும் சொல்ல முடியாது.

சட்ட வைத்திய அதிகாரியின் அறிக்கையை நான் நாலைந்து தரம் வாசித்தேன். காயம் இடது தொடையின் வெளிப்பக்கம், முழங்காலுக்குச் சற்று மேலே, குதியில் இருந்து 54 சென்டிமீற்றர் உயரத்தில். உள்ளே போன பாதை ஏறக்குறையக் கிடையானது. காயத்துக்குள் இரும்புச் சன்னங்களோடு கொஞ்சம் தும்பும் இருந்தது. இடியனில் மருந்தை இறுக்கத் தும்பு அடைப்பார்கள். அது காயத்துக்குள் போயிருந்தால் மிகக் கிட்டத்தில் இருந்து வெடித்திருக்கிறது என்று அர்த்தம். நானே என் வீட்டு முற்றத்தில் அடிமட்டத்தை வைத்து 54 சென்டிமீற்றரை அளந்து பார்த்தேன். மனைவி என்ன விசர் வேலை என்று கேட்டாள்.

அப்புறம் நெடுங்கேணிப் பக்கம் ஒரு பெரியவரிடம் போனேன். ஒரு காலத்தில் பெரிய வேட்டைக்காரர், இப்போது பார்வை மங்கிவிட்டது. வழக்கைப் பற்றி ஒன்றும் சொல்லாமல் கட்டுத்துவக்கு எப்படிக் கட்டுவது என்று மட்டும் கேட்டேன். விளக்குமாற்றுத் தடியை எடுத்துக் கதிரைக் காலில் வைத்துக் காட்டினார்.

"பண்டிக்கெண்டால் முழங்கால். மரைக்கெண்டால் இடுப்பு. இதில பிழை விட்டால் வயித்தில பட்டு ஓடிப்போய் எங்கையோ கிடந்து நாறும்."

"ஆள் தட்டுப்பட்டால்?"

"ஆளுக்கும் முழங்கால்தான் மோனை. எத்தினை பேரைத் தூக்கியிருக்கிறம். பக்கத்தால அடிக்கும். ஆஸ்பத்திரிக்கு வெள்ளனக் கொண்டுபோனால் கால் போகும், பிந்தினால் ஆள் போகும்."

அவரிடம் இருந்து வெளிக்கிடும்போது எனக்குக் கை நடுங்கியது என்று எழுதலாம், நன்றாக இருக்கும். உண்மையில் பசித்தது. ஒட்டுசுட்டான் சந்தியில் இரண்டு வாய்ப்பன் சாப்பிட்டுவிட்டுத்தான் யோசிக்கத் தொடங்கினேன்.

ஒருவனைக் கொல்ல வேண்டும் என்று பதுங்கியிருப்பவன், மிகக் கிட்டத்தில் இருந்து, முழங்காலுக்குக் குறிவைப்பானா? அரச தரப்பு இதற்கு ஒரு விடை வைத்திருந்தது. புற்றுக்குப் பின்னால் குந்தியிருந்து சுட்டார் என்றது. குந்தியிருந்தால் உயரம் சரிதான். என் சிநேகிதரான ஓர் ஓய்வுபெற்ற வைத்தியரிடம் அறிக்கையைக் காட்டினேன். கட்டுத்துவக்குக் காயம் என்றால் தனக்கு ஆச்சரியம் இல்லை என்றார். குந்தியிருந்தவன் சுட்டது என்றாலும் ஆச்சரியம் இல்லை என்றார். சத்தியக்கடதாசி தர முடியுமா என்றேன். தேநீர் குடி என்றார்.

சந்தர்ப்ப சாட்சியத்தை மட்டும் வைத்து ஒருவரைக் குற்றவாளியாகக் காண்பதற்கு இலங்கை நீதிமன்றங்கள் இன்றைக்கும் எடுத்துக்காட்டுவது 1945இல் வந்த அப்புஹாமி வழக்கின் தீர்ப்பை. சாட்சியம் குற்றத்தோடு பொருந்தினால் போதாது, எதிரி நிரபராதி என்ற எந்த நியாயமான விளக்கத்தோடும் பொருந்தாமல் இருக்கவும் வேண்டும். இங்கே 54 சென்டிமீற்றர் இரண்டோடும் பொருந்துகிறது. அப்படியென்றால் சந்தேகத்தின் பலன் அவருக்குத்தானே போயிருக்க வேண்டும்? ஆனால் விசாரணை நடந்த மேல் நீதிமன்றத்தின் வழக்கேடு முழுவதையும் தேடிவிட்டேன். கட்டுத்துவக்கு என்ற சொல் ஓரிடத்திலும் இல்லை. எதிரியின் சட்டத்தரணி வைத்திய அதிகாரியிடம் கேட்டது மூன்றே மூன்று கேள்விகள். எதிரி கூண்டில் நின்று சொன்னது ஒரே வசனம். "எனக்கு ஒன்றும் தெரியாது, நான் அன்றைக்கு அந்தப் பக்கமே போகவில்லை." அது பொய் என்று அவர் ஓடியதைக் கண்ட பெண்ணின் சாட்சியம் காட்டிவிட்டது. பொய் சொன்னவன் என்று ஆன பிறகு மீதியெல்லாம் தானாக நடந்தது.

ஏன் அப்படிச் சொன்னார்? இதை அக்காவிடம் கேட்டபோது அவர் என்னை விசித்திரமாகப் பார்த்தார். "தம்பி, நீங்கள் அந்த நேரம் வன்னியிலதானே இருந்தனீங்கள்?"

இருந்தேன். அதனால் வெட்கமாகப் போயிற்று. யுத்தம் முடிந்து சில வருடங்கள்தான். ஊருக்கு ஊர் இராணுவ முகாம். புனர்வாழ்வு பெற்று வந்த முன்னாள் போராளிகள் கையெழுத்துப் போடப் போய்க்கொண்டிருந்த காலம். என்னிடம் ஒரு துவக்கு இருந்தது, நான்தான் கட்டினேன் என்று அந்தக் காலத்து வன்னியில் ஒரு தமிழன் வாயைத் திறந்து சொல்வான் என்று எதிர்பார்க்கிறவர் வன்னியை அறியாதவர். எங்கே எடுத்தாய், யார் தந்தது, இன்னும் எத்தனை புதைத்து வைத்திருக்கிறாய் என்று அது வேறு சட்டத்துக்கு இழுத்துக்கொண்டு போகும். கொலை வழக்கென்றால் சட்டத்தரணி பிடிக்கலாம். மற்றதற்கு ஆள் எங்கே இருக்கிறது என்றே தேட வேண்டும். பயத்தில் பொலிஸிடம் புற்றைக் காட்டியவர், அதற்குப் பிறகு துவக்கு என்ற சொல்லையே விழுங்கிவிட்டார்.

உரைப்பைக்குள் என்ன இருந்தது என்று அக்காவுக்குத் தெரியும். கம்பியும் கவர்த்தடியும். வெடிச்சத்தம் கேட்டுப் பண்டி விழுந்துவிட்டது என்று போனவர் ஆளைக் கண்டிருக்கிறார். கண்டதும் கத்தியிருக்கலாம், தூக்கியிருக்கலாம். அவர் செய்தது துவக்கை அவிழ்த்ததுதான். தன்னைக் காப்பாற்றியிருக்கக்கூடிய ஒரே தடயத்தைத் தன் கையாலேயே பிடுங்கி, கொண்டுபோய் வாய்க்காலுக்குள் போட்டிருக்கிறார். இது அக்கா சொன்ன கதை. தம்பிக்காக ஓர் அக்கா எந்தக் கதையும் சொல்வாள் என்பதையும் நான் மறக்கவில்லை.

சம்பவ இடத்தையும் போய்ப் பார்த்தோம். பார்க்க ஒன்றுமில்லை. டோசர் விட்டுக் காட்டை நூறு யார் பின்னால் தள்ளி வயலாக்கிவிட்டார்கள். மிஞ்சியது பொலிஸ் எடுத்த படங்கள். அக்காவிடம் இருந்த போட்டோக் கொப்பியில் எல்லாம் கறுப்புத் திட்டு. பதிவாளர் அலுவலகத்தில் மூலத்தைப் பார்வையிட விண்ணப்பித்து, மூன்று தரம் திரும்பி வந்து, நாலாம் தரம் கண்டேன். ஏழாவது படத்தில், இரத்தம் படிந்த இடத்துக்கு இடது பக்கம், பற்றைக்குள் ஒரு குழி தெரிகிறது. தடி பிடுங்கின குழி மாதிரி. பெருச்சாளி தோண்டின குழி மாதிரியும் இருக்கிறது. அரை மணித்தியாலம் பார்த்தேன். பார்க்கப் பார்க்க அது தடி பிடுங்கின குழியாகவே மாறிக்கொண்டு வந்தது. அந்தப் பொலிஸ்காரருக்கும் இப்படித்தான் நடந்திருக்கும் என்று அப்போது தோன்றியது.

இறந்தவரின் மனைவியிடம் போகாமல் இதை எழுதக்கூடாது என்று நினைத்தேன். போனேன். வாங்கோ இருங்கோ என்று கதிரை தந்தார். நான் சொல்லிக்கொண்டு போக, கையில் இருந்த சுளகை நிறுத்தாமல் புடைத்துக்கொண்டே கேட்டார். முடிவில் ஒன்றுதான் சொன்னார்.

"கட்டுத்துவக்கெண்டே வைப்பம். எங்கட மனுசன் ஒவ்வொரு நாளும் அந்தப் பாதையாலதான் போறவர் எண்டு அவனுக்குத் தெரியாதோ?"

என்னிடம் பதில் இல்லை. இன்றுவரை இல்லை. பண்டிக்குக் கட்டினாரா, பாதை தெரிந்து கட்டினாரா என்பது அவருடைய மனதுக்குள் இருக்கிற விஷயம், அதற்கு முழக்கணக்கு கிடையாது. ஆனால் அதைத்தானே நீதிமன்றம் விசாரித்திருக்க வேண்டும்? கவனயீனத்தால் மரணம் விளைவித்தது என்றால் 298ஆம் பிரிவு, ஆகக்கூடியது ஐந்து வருடம். கைமோசக் கொலை என்றால் அதைவிடக் கூட. இவர் ஏற்கெனவே பத்து வருடத்துக்கு மேல் உள்ளே இருக்கிறார். அந்தப் பெண்ணின் கேள்வியை இந்த வழக்கில் யாரும் யாரிடமும் கேட்கவே இல்லை.

இப்போது ஓர் இளம் சட்டத்தரணி காசில்லாமல் மனு எழுதுகிறார். அரசியலமைப்பின் 138ஆம் உறுப்புரை மேன்முறையீட்டு நீதிமன்றத்துக்கு மீளாய்வு அதிகாரம் தருகிறது, 139 புதிய சாட்சியத்தை ஏற்க இடம் விடுகிறது என்று சொல்கிறார். அதே நீதிமன்றம் ஒருமுறை தள்ளிய வழக்கு என்பதால் நம்பிக்கை வைக்க வேண்டாம் என்றும் சொல்கிறார். மற்ற வழி, 34ஆம் உறுப்புரையின்படி ஜனாதிபதியின் மன்னிப்பு. மிருசுவிலில் குழந்தைகள் உட்பட எட்டுப் பேரைக் கொன்றதற்காகத் தண்டிக்கப்பட்ட இராணுவத்தினன் 2020இல் அந்தக் கதவால்தான் வெளியே வந்தான். எங்கள் அக்கா அந்தக் கதவில் தட்ட மாட்டேன் என்கிறார். தட்டச்சொல்லி நானும் வற்புறுத்தவில்லை.

மனுவின் முதல் வரைவில் என் சொல்லாராய்ச்சிதான் முதலில் நின்றது. வெடி வைத்தேன், வெடி கட்டிவைத்தேன், இரண்டு பந்தி. எனக்கு அதில் கொஞ்சம் பெருமையும் இருந்தது. சத்தியக்கடதாசி நான் கொடுப்பதாக ஏற்பாடு. அதற்கு முன்னர் ஒருமுறை அவரையே கேட்டுவிட வேண்டும் என்று அக்காவோடு சிறைக்குப் போனேன். இரவு முழுக்க ரயில். கம்பிவலைக்கு அந்தப் பக்கம் தலை நரைத்த, மெலிந்த மனிதர். பத்து நிமிடம்தான். அக்கா வீட்டுக் கதைகளில் ஆறு நிமிடத்தைச் செலவழித்துவிட்டார். பிறகு நான் கேட்டேன். அன்றைக்குப் பொலிஸில் நீங்கள் வெடி வைச்சனான் என்று சொன்னீர்களா, வெடி கட்டி வைச்சனான் என்று சொன்னீர்களா?

அவர் யோசித்தார். உண்மையாகவே யோசித்தார்.

"அண்டைக்கு நான் அழுதுகொண்டெல்லோ தம்பி இருந்தனான். என்ன சொன்னன் எண்டு எனக்கே ஞாபகமில்லை."

மணி அடித்தார்கள். வெளியே வந்து பஸ் தரிப்பிடத்தில் நின்றபடியே சட்டத்தரணிக்கு போன் எடுத்தேன். அந்த இரண்டு பந்தியையும் வெட்டிவிடச் சொன்னேன். வைத்திய அறிக்கையின் மூன்றாம் பக்கத்தை மேலே கொண்டுவரச் சொன்னேன். எந்தப் பகுதி என்று கேட்டார். குதியில் இருந்து 54 சென்டிமீற்றர் என்று இருக்கிறதே, அதில் இருந்து தொடங்குங்கள் என்றேன்.